தோணிக்கு இரண்டு விலாசம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல்)

எங்கள் ஊருக்குக் கடிதம் எழுதுவோர் வெறுமனே 'கோவளம்' என்று எழுதினால் போதாது. திருவனந்தபுரத்திற்கு அருகில் ஒரு கோவளம் உண்டு. வெளிநாட்டார் அறிந்தது பெரும்பாலும் அதைத்தான். கன்னியாகுமரிக்கு அருகிலும் ஒரு கோவளம் உண்டு. எங்களுடையது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பது. ஆகவே 'கோவளம், திருப்போரூர் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்' என்று முழுமையாக எழுதியாக வேண்டும். ஆனால் கேளம்பாக்கத்தில் பேருந்து ஏறி, "கோவளம் ஒண்ணு" என்று கேட்டால், கேரளத்துக்கா என்று எந்த நடத்துநரும் கேட்பதில்லை. அருகில் இருப்பவருக்குக் குறும்பெயர் போதும். தொலைவில் இருப்பவருக்கு முழுப்பெயர் வேண்டும்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. உள்ளூரார் கோவளம் என்றழைத்த இதே ஊரை ஆங்கிலேயர் 'கவ்லாங்' என்று எழுதினர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வணிகம் செய்த ஆஸ்டெண்ட் கம்பெனியாருக்கு இது 'கோப்லான்'. ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன்கான் இங்கே கட்டிய கோட்டைக்கோ 'சாதத் பந்தர்' என்று பெயர். கிளைவ் 1752-இல் அந்தக் கோட்டையைப் பிடித்தபொழுது, எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் வந்து சேரும் கரை ஒன்றுதான்.

ஊரைப் பற்றி எழுத இக்கட்டுரையைத் தொடங்கவில்லை. நம் துறை ஆய்வகத்திலுள்ள சர்வர் ஒன்றுக்குப் பெயர் வைக்கப்போய், ஓராண்டுக் காலம் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லவே வந்தேன். அந்தப் பாட்டிற்குள் ஒரு பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

எண்ணும் பெயரும்

வலையில் இணைந்த கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும் என்பது நாம் முதலாண்டிலேயே படித்தது. நான்கு பகுதிகளாகப் புள்ளியிட்டு எழுதப்படும் இந்த ஐ.பி. எண்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ 429 கோடி. உலக மக்கள்தொகையோ இதனினும் மிகுதி. ஒருவரிடமே இரண்டு மூன்று கருவிகள் இருக்கும் காலம் இது. இந்தப் பற்றாக்குறையை முன்கூட்டியே உணர்ந்து, 1996-இல் மூன்று எண் தொகுதிகளை உள்வலைகளுக்கென ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்குவன ஒரு கோடியே 67 லட்சம், 172.16 முதல் 172.31 வரை உள்ளவை பத்து லட்சத்துக்கு மேல்; 192.168 என்று தொடங்குவன 65,536. இவற்றை யாரும் யாரையும் கேட்காமல் தம் வீட்டுக்குள் பயன்படுத்தலாம். ஆனால் பொதுவலையில் இவ்வெண்களுக்கு மதிப்பில்லை.

எங்கள் தெருவில் பல வீட்டு ரூட்டர்கள் தம்மை 192.168.1.1 என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. ஒவ்வொரு குப்பத்திலும் ஒரு 'மேட்டு வீடு' இருப்பதைப் போன்றது இது. அந்தந்தக் குப்பத்தாருக்கு அது குழப்பமில்லாத அடையாளம். அஞ்சல்காரருக்கு அதனால் பயனில்லை.

எண்ணை மனிதர் நினைவில் வைக்க இயலாது என்பதால் பெயர் வந்தது. அமெரிக்காவில் ஆர்பாநெட் என்ற தொடக்ககால வலை இயங்கியபொழுது, எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையாரின் குழுவினர் அதைப் பேணி வந்தனர். புதிய கணிப்பொறி ஒன்று வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்ற எல்லாரும் அதைப் புதிதாகப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். வலை வளர வளர இம்முறை மூச்சுத் திணறியது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். எனப்படும் பெயர்முறையை வகுத்தார். 1987-இல் அது இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது.

அம்முறையின் சூட்சுமம் பொறுப்பைப் பகிர்ந்தளிப்பதில் இருக்கிறது. உலகின் எல்லாப் பெயரும் எந்த ஒருவரிடமும் இல்லை. உச்சியிலுள்ள மூல சர்வர்களுக்குப் 13 பெயர்கள். அவற்றைக் கேட்டால் 'இன்' என்று முடியும் இந்தியப் பெயர்களுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் சொல்லும். அங்கே கேட்டால் 'ஏசி.இன்' என்ற கல்விநிலையப் பகுதிக்கு வழி கிடைக்கும். அங்கிருந்து கல்லூரிக்கு. கல்லூரிக்குள் எந்தக் கணிப்பொறிக்கு எந்தப் பெயர் என்பது கல்லூரியின் முடிவு. மேலே உள்ள எவரும் அதில் தலையிடுவதில்லை. மாவட்டம், வட்டம், ஊராட்சி என்ற நம் அமைப்பைப் போன்றதே இது.

நம் நாட்டில் இதற்கு வித்திட்டது எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி வலை. 1986-இல் எட்டு நிறுவனங்களைக் கொண்டு தொடங்கிய அதில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. 'இன்' என்ற பெயர்முடிவு இந்தியாவிற்கு 1989-இல் கிடைத்தது. பொதுமக்களுக்கு இணையம் வந்ததோ 1995 ஆகஸ்ட் 15-இல்தான். இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே பெயர்முடிவுகள் இருக்கின்றன. உள்ளுக்குள் அவை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன என்றாலும், பார்க்கும் கண்ணுக்குத் தமிழ்தான்.

புயலன்று நடந்தது

நான் முதலாண்டு சேர்ந்தபொழுது, மூன்றாமாண்டு அண்ணன்மார் ஆய்வகத்திலிருந்த பழைய கணிப்பொறி ஒன்றைச் சர்வர் ஆக்கினர். பாடக்குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், செய்முறைப் பயிற்சிகள் எல்லாம் அதில் ஏறின. என்ன பெயர் வைப்பது என்று கேட்டபொழுது, கடற்கரைக்காரி என்பதால் 'தோணி' என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். 'தோணி.லோக்கல்' என்று பெயரிட்டனர். (கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும், இங்கே வாசிப்பவர் வசதிக்காகத் தமிழில் தருகிறேன். அவ்வாறே கல்லூரியின் உண்மையான வலைப்பெயருக்குப் பதிலாகக் 'கல்லூரி' என்றே எழுதுகிறேன்.)

ஆய்வகத்தில் பெயரை அடித்தவுடன் திறந்தது. எல்லார்க்கும் மகிழ்ச்சி.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. கல்லூரிக்கு விடுமுறை. எங்கள் கரையில் படகுகளை மேலே இழுத்துக் கட்டிவிட்டு, அப்பா வீட்டிலேயே இருந்தார். அடுத்த வாரம் தேர்வு. என்னிடம் புத்தகம் இல்லை. குறிப்பு முழுவதும் தோணியில்தான் இருக்கிறது. கைப்பேசியில் பெயரை அடித்தேன். அப்படி ஒரு இடமே இல்லை என்று விடை வந்தது. பத்துத் தடவை அடித்திருப்பேன். பக்கத்தில் இருந்த அப்பா கேட்டார்: "ஏம்மா, பேர் சொல்லிக் கூப்பிட்டா வரணும்ல? அங்க கூப்பிட்டா வர்றவன் இங்க கூப்பிட்டா ஏன் வரல?"

எனக்கு அன்று விடை தெரியவில்லை. அந்த அலகிலிருந்து வந்த பத்து மதிப்பெண் வினாவை நான் தொடாமலே விட்டேன்.

அப்பா கேட்டதற்கு விடை 'லோக்கல்' என்ற சொல்லிலேயே இருந்தது. அந்தப் பெயர்முடிவு 2013 முதல் ஒரு தனி முறைக்கென ஒதுக்கப்பட்டது. அதில் முடியும் பெயரைக் கேட்டால், கருவி எந்தப் பெயர் சர்வரையும் நாடாமல், தான் இருக்கும் வலைக்குள்ளேயே "தோணி யார்?" என்று கூவுகிறது. தோணி அங்கிருந்தால் "நான்தான், என் எண் இது" என்று மறுகுரல் கொடுக்கிறது. ஏலம் விடும் கரையில் கூவி அழைப்பதைப் போல. அந்தக் கூவல் ஆய்வகச் சுவரைத் தாண்டாது. கோவளத்திலிருந்து நான் கூவியது என் கைப்பேசிக்கும் கேட்டதோ என்னவோ!

இவ்வாறு உரிமையில்லாப் பெயர்களை உள்வலைக்கு வைப்பது நாம் மட்டும் செய்த பிழையன்று. பல நிறுவனங்கள் தம் உள்வலைக்குக் 'கார்ப்' என்று பெயரிட்டு வந்தன. அந்நிறுவன ஊழியர் மடிக்கணிப்பொறியை வெளியே எடுத்துச் சென்றபொழுது, அது உள்வலை என்றெண்ணிக் கேட்ட கேள்விகள் 'கார்ப்.காம்' என்ற உண்மையான பொதுப்பெயரின் வாசலில் போய் விழுந்தன. அந்தப் பெயரைத் தீயவர் வாங்கினால் என்ன ஆகும் என்ற அச்சத்தில், 2020-இல் மைக்ரோசாப்ட் நிறுவனமே அதை விலைக்கு வாங்கியது. பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பும் 'ஹோம்', 'கார்ப்', 'மெயில்' என்ற மூன்றையும் பொதுவலையில் எவர்க்கும் தருவதில்லை என்று 2018-இல் முடிவு செய்தது. 2024-இல் 'இன்டர்னல்' என்ற பெயர்முடிவை உள்வலைகளுக்கென்றே ஒதுக்கி வைத்தது. வெளியே ஒருபோதும் தேவைப்படாத பொறிக்கு அது நல்ல பெயர்தான். ஆனால் எங்கள் தோணி வெளியேயும் வரவேண்டும்.

திறந்த கதவும் மூடிய கதவும்

புயலுக்குப் பின் பேராசிரியர் அவர்களிடம் கேட்டோம். கல்லூரியின் பெயருக்குக் கீழேயே 'தோணி.கல்லூரி.ஏசி.இன்' என்று பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். கல்லூரி ரூட்டருக்கு ஒரு பொது எண் உண்டு. 203.0.113.25 என்று கொள்வோம் (நூல்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண் இது). அந்த எண்ணுக்கு வரும் இணையக் கோரிக்கைகளை உள்ளேயிருக்கும் 192.168.1.10 என்ற தோணிக்குத் தள்ளிவிடும்படி ரூட்டரில் அமைத்தோம். பக்கங்களைக் காட்டும் ஒரு வாசலை மட்டுமே திறந்தோம். மற்ற வாசல்கள் அடைத்தே கிடக்கின்றன. இதில் பேராசிரியர் கண்டிப்பாக இருந்தார்.

அன்றிரவு கோவளத்தில் திறந்தது! மறுநாள் ஆய்வகத்தில் திறக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆய்வகத்தில் 192.168.1.57 என்ற எண்ணுள்ள கணிப்பொறி தோணியின் பெயரைக் கேட்கிறது. விடையாகப் பொது எண் கிடைக்கிறது. கோரிக்கை ரூட்டருக்குப் போகிறது. ரூட்டர் அதை உள்ளேயே திருப்பித் தோணிக்கு அனுப்புகிறது. தோணி பார்க்கிறது: கேட்டவர் 57-ஆம் எண்ணுக்காரர், நம் பக்கத்து மேசை. ரூட்டர் வழியே போவானேன் என்று நேராகவே விடை அனுப்புகிறது. 57-ஆம் எண் திகைக்கிறது. அது கேட்டது 203.0.113.25 என்பவரிடம், விடை சொல்வதோ 192.168.1.10 என்ற வேறொருவர். கேளாதவர் தரும் விடையைக் கணிப்பொறி ஏற்காது, எறிந்துவிடும். வெளியூர் விலாசத்துக்கு எழுதிய கடிதத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் வந்து பதில் சொன்னால் நாம் நம்புவோமா?

விலை கூடிய ரூட்டர்களில் இதற்கு 'ஹேர்பின்' என்றொரு வசதி உண்டு. கொண்டை ஊசி வளைவுபோல் கோரிக்கை திரும்பும்பொழுது, கேட்டவரின் எண்ணையும் ரூட்டர் தன் எண்ணாக மாற்றி அனுப்பும். விடையும் அதன் வழியே திரும்பும். எங்கள் ரூட்டரில் அந்த வசதி இல்லை. இருந்திருந்தாலும், பக்கத்து மேசைக்குப் போகவேண்டியது ஒவ்வொன்றும் வாசல்வரை போய்த் திரும்புவது வீண் அலைச்சலே.

எனவே ஆய்வகத்தின் முப்பது கணிப்பொறிகளிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பைத் திறந்து, தோணி என்றால் 192.168.1.10 என்று கைப்பட எழுதினோம். பெயர் சர்வரைக் கேட்பதற்கு முன் கணிப்பொறி இந்தக் கோப்பைப் பார்க்கும். வேலை செய்தது. இரண்டு வாரம் கழித்து மின்தடை வந்து போனது. ரூட்டர் தோணிக்கு வேறொரு எண்ணைக் கொடுத்துவிட்டது. முப்பது கோப்புகளையும் மீண்டும் திருத்தினோம். மாணவர் கொண்டுவரும் கைப்பேசிகளில் அந்தக் கோப்பைத் தொடவே வழியில்லை. எழுபதுகளில் ஸ்டான்போர்டில் அந்த அம்மையார் பட்டியல் வைத்துப் பட்ட தொல்லையை, ஐம்பது ஆண்டு கழித்து நாங்கள் ஓர் அறைக்குள் பட்டோம். வரலாற்றைப் பாடமாகப் படித்திருந்தும் புத்தி வரவில்லை. தோணிக்கு நிலையான எண் ஒன்றை ரூட்டரில் ஒதுக்கிவைத்தது மட்டுமே அதில் கண்ட மிச்சம்.

இரண்டு விடைப் புத்தகங்கள்

பேராசிரியர் அப்பொழுதுதான் வழி சொன்னார். "பேர் ஒண்ணே இருக்கட்டும். விடையை ரெண்டாக்குங்க."

பெயர் ஒன்றுதான்: தோணி.கல்லூரி.ஏசி.இன். வெளியிலிருந்து கேட்பவருக்குப் பொதுவலையின் பெயர் சர்வர் 203.0.113.25 என்று சொல்லட்டும். ஆய்வகத்திற்குள் நாமே ஒரு பெயர் சர்வர் வைப்போம். உள்ளிருந்து கேட்பவருக்கு அது 192.168.1.10 என்று சொல்லட்டும். கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். பெரிய நிறுவனங்களில் 'பைண்ட்' என்ற பெயர் சர்வர் மென்பொருளில் 'வியூ' என்று இரண்டு பார்வைகள் வகுத்து இதைச் செய்கிறார்கள். கேட்பவரின் எண் 192.168 என்று தொடங்கினால் ஒரு புத்தகம். இல்லையெனில் மற்றொரு புத்தகம்.

சில தோழர்கள் குறுக்கு வழி ஒன்று கேட்டார்கள்: வெளிப் புத்தகத்திலேயே உள் எண்ணையும் சேர்த்து எழுதினால் என்ன? கூடாது. என் வீட்டில் 192.168.1.10 என்று கேட்டால், என் வீட்டு வலையில் அந்த எண்ணில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் விடை சொல்லும். அது அண்ணனுடைய டி.வி.யாகக்கூட இருக்கலாம். நம் உள்வலையின் அமைப்பையும் ஊருக்குப் பறைசாற்றியதாகும்.

முதல் நாள் நான்தான் உட்புத்தகம் எழுதினேன். 'கல்லூரி.ஏசி.இன்' என்ற பகுதி முழுவதற்கும் நம் ஆய்வகச் சர்வரே பொறுப்பு என்று அறிவித்து, அதன் கீழே தோணி என்ற ஒரு பெயரை மட்டும் எழுதினேன். தோணி உள்ளேயும் திறந்தது, வெளியேயும் திறந்தது. வெற்றி என்று தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தால், கல்லூரியின் பொது இணையப்பக்கம் ஆய்வகத்தில் எவருக்கும் திறக்கவில்லை. அன்று தேர்வுக் கட்டணம் பற்றிய அறிவிப்பு வேறு அதில் வந்திருந்தது. "என்னம்மா செஞ்சீங்க?" என்று ஆய்வக உதவியாளர் ஓடி வந்தார்.

நான் செய்தது இதுதான். முழுப் பகுதிக்கும் பொறுப்பு என்று சொல்லிக்கொண்ட சர்வர், தன் புத்தகத்தில் இல்லாத பெயரை வெளியே போய்க் கேட்பதில்லை. 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று அடித்துச் சொல்லிவிடும். கல்லூரியின் பொதுப்பக்கம் வேறோர் இடத்துச் சர்வரில் இருக்கிறது. அதன் பெயர் வெளிப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. பகுதி முழுவதையும் உள்ளே கொண்டுவந்தால், வெளிப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் உள்ளேயும் எழுதவேண்டும். அங்கே ஒன்று மாறினால் இங்கேயும் மாற்றவேண்டும். இரண்டு புத்தகமும் நாளடைவில் முரண்படும் என்பது திண்ணம். எனவே அதைக் கைவிட்டு, தோணி என்ற ஒரு முழுப்பெயருக்கு மட்டும் உள்விடை, மற்றவை எல்லாவற்றையும் வெளியே கேட்டுச் சொல் என்று அமைத்தோம். 'டி.என்.எஸ்.மாஸ்க்' என்ற சிறு மென்பொருளில் அது ஒரே ஒரு வரி. ஆய்வக ரூட்டர், இணையும் ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுக்கும்பொழுதே, பெயர் கேட்க வேண்டியது இந்தச் சர்வரிடம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. முப்பது கோப்புகளிலிருந்தும் நாங்கள் எழுதிய வரிகளை அழித்தோம்.

ஒரே பெயர் வைத்ததில் எதிர்பாராத நன்மையும் கிடைத்தது. பூட்டுக் குறியுடன் பக்கம் திறக்கச் சான்றிதழ் வேண்டும். 'லோக்கல்' போன்ற உட்பெயர்களுக்குப் பொதுச் சான்றிதழ் வழங்குவது 2015-உடன் நின்றுபோயிற்று. உலகறிந்த பெயருக்குத்தான் கிடைக்கும். சான்றிதழ் எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரையே பார்க்கிறது. ஆகவே ஒரே சான்றிதழ் உள்ளும் புறமும் செல்லுகிறது.

இன்னும் இரண்டு சில்லறைத் தொல்லைகள். ஒவ்வொரு விடையோடும் அதை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்ற அளவும் செல்லும். அதை ஒருநாள் என்று வைத்திருந்தோம். ஆய்வகத்தில் உள்விடையைப் பெற்ற சில மடிக்கணிப்பொறிகள், வீட்டுக்குப் போன பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தன. இப்பொழுது 300 நொடி. கல்லூரி வாசலில் பேருந்து ஏறினால், வண்டலூர் வருவதற்குள் பழைய விடை மறந்துவிடும். அங்கிருந்து கோவளம்வரை படித்துக்கொண்டே வரலாம், உட்கார இடம் கிடைத்தால்.

மற்றொன்று இன்னும் முழுதாகத் தீரவில்லை. சிலர் கைப்பேசியில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற இடத்தில் வெளி நிறுவனம் ஒன்றின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தகைய கைப்பேசி எங்கள் பெயர் சர்வரைப் பொருட்படுத்தாமல் வெளியே கேட்டுப் பொது எண்ணை வாங்கிவரும். ஆய்வகத்திற்குள் பழையபடி கொண்டை ஊசியில் மாட்டிக்கொள்ளும். தோணி உள்ளே திறக்கவில்லை என்று சொல்பவர் முதலில் அந்த அமைப்பைத் 'தானியங்கி' என்று மாற்றிப் பார்க்கவும். மாற்றும் முறையை எழுதி ஆய்வகக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.